கோப்பை வாங்கிய அணியை ஏன் வெளியேற்றினார்கள்? உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்து, ஓர் எளிய அறிமுகம்

2023 ஜூன் 15 அன்று அமெரிக்காவின் தேசிய அரீனா லீக் தன் அணிகளில் ஒன்றை லீக்கை விட்டு நீக்கியது. அணியின் பெயர் ஆல்பனி எம்பயர். சீசன் இன்னும் முடியவில்லை, மீதி ஆட்டங்களுக்கான தேதிகள் அட்டவணையில் அப்படியே இருந்தன. அது ஒன்றும் பெயர் தெரியாத சோப்ளாங்கி அணியும் இல்லை. 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் அதே லீக்கின் கோப்பையை வென்ற அணி. நீக்கியதற்கு லீக் சொன்ன முதல் காரணம், கட்ட வேண்டிய சந்தாவை அணி கட்டவில்லை என்பது.

நடப்புச் சாம்பியனை சந்தா பாக்கிக்காக நடுவழியில் இறக்கிவிடுவார்களா என்று கேட்கத் தோன்றும். உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்தைக் கொஞ்ச காலம் கவனித்தவர்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருந்திருக்காது. இந்த விளையாட்டில் அணிகள் பிறப்பதும் மூடுவதும் வேறு பெயரில் திரும்பி வருவதும் வருடாந்திர நடப்பு. ஏன் அப்படி என்று புரிய, முதலில் ஆட்டம் எப்படி என்று தெரிய வேண்டும், அப்புறம் ஓர் அணி எதனால் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். ஆல்பனியின் கதை இரண்டுக்கும் உதவும்.

ஹாக்கி தளத்துக்குள் அடங்கிய ஆட்டம்

அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்தே இராதவர்களுக்காக நாலு வரி. பந்து நீள்வட்டமாக, இரு முனையும் கூராக இருக்கும். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி 4 வாய்ப்பு கிடைக்கும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச் டவுன், 6 புள்ளி. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், நின்ற இடத்திலிருந்தே இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி வாங்கிக்கொள்ளலாம். நாட்டின் பெரிய லீக்கான தேசியக் கால்பந்து லீக்கில், சுருக்கமாக என்எஃப்எல்லில், பக்கத்துக்கு 11 பேர், 100 யார்டு நீளமும் 160 அடி அகலமும் உள்ள திறந்தவெளி மைதானம்.

இதைக் கூரைக்குள் கொண்டுவந்தவர் ஜிம் ஃபாஸ்டர். என்எஃப்எல்லின் வணிகப் பிரிவில் வேலை பார்த்தவர். 1981 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இதே இடத்தில் அமெரிக்கக் கால்பந்தை ஆடினால் எப்படி இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. கையிலிருந்த காகித உறையின் மேலேயே களத்தை வரைந்து பார்த்தார். 1986இல் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் ஒரு சோதனை ஆட்டம் நடந்தது. 1987இல் சிகாகோ, டென்வர், பிட்ஸ்பர்க், வாஷிங்டன் ஆகிய 4 அணிகளோடு அரீனா ஃபுட்பால் லீக், சுருக்கமாக ஏஎஃப்எல், தொடங்கியது.

அவர் போட்ட அளவில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அமெரிக்காவில் நடுத்தர நகரங்களில்கூட ஐஸ் ஹாக்கிக்கான அரங்கம் உண்டு. அந்தத் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். அரீனா கால்பந்துக் களம் 50 யார்டு, இரு முனையிலும் டச் டவுன் பகுதி 8 யார்டு, ஆக மொத்தம் 66 யார்டு, அதாவது 198 அடி. அகலம் அதே 85 அடி. ஹாக்கிக்காக ஏற்கனவே நிற்கும் சுற்றுச்சுவருக்குள் புல்விரிப்பை விரித்தால் களம் தயார், புதிதாகக் கட்டிடம் எதுவும் வேண்டாம். ஹாக்கியும் கூடைப்பந்தும் குளிர்கால ஆட்டங்கள். வசந்தத்திலிருந்து கோடை வரை அரங்குகளில் தேதி காலியாக இருக்கும், அந்தத் தேதிகளில் இதை நடத்தலாம். யோசித்துப் பார்த்தால், காலியாகக் கிடக்கும் அரங்கை நிரப்பவே அளவெடுத்துச் செய்த விளையாட்டு இது.

இடம் சின்னதானதால் விதிகளும் மாறின. பக்கத்துக்கு 8 பேர்தான். கம்பங்களுக்கு நடுவே இடைவெளி 9 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. கம்பங்களின் இரு பக்கமும் 30 அடி அகலம், 32 அடி உயரத்தில் இழுத்துக் கட்டிய வலை. குறி தவறிய உதை அந்த வலையில் பட்டுத் திரும்பினால் பந்து இன்னும் உயிரோடுதான் இருக்கும். எதிரணிக்காரர் பிடித்து, அப்படியே மறுமுனை வரை ஓடலாம். வீசிய பந்து வலையில் மோதித் திரும்பும்போது பிடித்தாலும் அது செல்லும். முன்னேற வழியில்லாதபோது பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கும் பன்ட் என்ற வழக்கம் இங்கே கிடையாது. வீசிய பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களில் ஒருவர், ஒவ்வொரு வாய்ப்பும் தொடங்கும் நொடிக்கு முன்பே முன்னோக்கி ஓட ஆரம்பிக்கலாம். முழு வேகத்தில் வரும் அவரை, நின்ற இடத்திலிருந்து கிளம்பும் தடுப்பாளர் பிடிப்பது கஷ்டம்.

விளைவு, ஸ்கோர் ஏறிக்கொண்டே போகும். 2021 இறுதிப் போட்டியில் ஆல்பனி, கொலம்பஸ் லயன்ஸை 79–62 என்று வென்றது. திறந்தவெளி ஆட்டத்தில் ஒரு அணி இதில் பாதி எடுத்தாலே நல்ல நாள்.

பக்கக்கோட்டுக்குப் பதிலாக இங்கே சுவர். மெத்தை வைத்துத் தைத்த, இடுப்புக்குச் சற்று மேலே வரும் சுவர். பந்தைத் துரத்தி வருபவர் அதில் மோதி, சில சமயம் தலைகுப்புற முதல் வரிசை ரசிகரின் மடியில் விழுவார். ரசிகர் கையிலிருந்த பாப்கார்ன் களத்தில் கிடக்கும், இருவரும் கைகொடுத்துக்கொள்வார்கள். கூட்டத்துக்குள் போன பந்தைப் பிடித்தவரே வைத்துக்கொள்ளலாம். டிக்கெட் விலையும் என்எஃப்எல்லோடு ஒப்பிட்டால் மலிவு. குடும்பத்தோடு போய்வர இதைவிடக் கலகலப்பான ஆட்டம் அமெரிக்காவில் குறைவு என்றே நினைக்கிறேன். அப்படியிருந்தும் ஏன் நிலைப்பதில்லை?

கம்பங்களின் பக்கத்தில் கட்டும் அந்த வலைக்கு ஃபாஸ்டர் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். அதனால் வேறு யாராவது உள்ளரங்க லீக் தொடங்கினால் வலையில்லாமல்தான் ஆட வேண்டியிருந்தது. காப்புரிமைக் காலம் 2007இல் முடிந்தது. இதற்கிடையில் வலை உள்ளதும் இல்லாததுமாக எத்தனையோ சிறு லீக்குகள் முளைத்துவிட்டன. ஆட்கள், அரங்குகள், ஊர்கள் எல்லாம் ஒன்றுதான், மேலே மாட்டும் பலகை மட்டும் வேறு.

சம்பளம் என்று ஒன்று

ஐரோப்பியக் கால்பந்தில் கீழ்நிலை லீக்கில் ஜெயித்தால் மேல்நிலைக்குப் போகலாம். அமெரிக்காவில் அந்த ஏணி கிடையாது. உள்ளரங்கச் சாம்பியன் எத்தனை கோப்பை வாங்கினாலும் உள்ளரங்கத்திலேயே இருக்க வேண்டியதுதான். மேலே போக முடிந்தவர்கள் தனி வீரர்கள் மட்டுமே, அவர்களும் கொஞ்சப் பேர். எல்லோரும் சொல்லும் உதாரணம் கர்ட் வார்னர். அயோவாவில் ஒரு பல்பொருள் அங்காடியில் இரவில் அலமாரிகளில் சாமான் அடுக்கும் வேலை பார்த்தவர், 1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணியில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்காக ஆடினார், பிறகு என்எஃப்எல்லுக்குப் போய் அதன் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்றார். இந்தக் கதையை நம்பித்தான் ஒவ்வொரு வசந்தத்திலும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் இந்த அணிகளின் தேர்வுக்கு வந்து நிற்கிறார்கள்.

நிற்கும் இடத்தில் கிடைப்பது என்ன? திவாலாகி மூடியிருந்த ஏஎஃப்எல் 2010இல் மீண்டும் தொடங்கியபோது வீரருக்கு ஒரு ஆட்டத்துக்கு 400 டாலர் என்று நிர்ணயித்தார்கள். அதுதான் இந்த விளையாட்டின் உச்ச லீக். சீசன் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. தங்குமிடமும் சாப்பாடும் அணியின் பொறுப்பு என்பதால், அணி தடுமாறினால் சம்பளத்தோடு வீரரின் படுக்கையும் போய்விடும்.

சம்பளச் சண்டை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 2012 மார்ச் ஒரு சாட்சி. வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போவதாகப் பேச்சு இருந்தது. பிட்ஸ்பர்க் பவர் அணி சீசனின் முதல் ஆட்டத்துக்காக ஆர்லாண்டோவுக்கு வந்திருந்தது. ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு ஆலிவ் கார்டன் உணவகத்தில் வீரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அணியின் உரிமையாளர் அங்கேயே வந்து மொத்த அணியையும் வேலையைவிட்டு நீக்குவதாக அறிவித்தார். மாற்று ஆட்களைச் சேர்த்து அன்றைய ஆட்டத்தை நடத்தியும் விட்டார்கள்.

ஓர் அணி எதன்மேல் நிற்கிறது

என்எஃப்எல் அணிக்குத் தொலைக்காட்சிப் பணம் வருடா வருடம் கொட்டுகிறது. உள்ளரங்க அணிக்கு அது கிடையாது. ஏஎஃப்எல் 2003இல் என்பிசி தொலைக்காட்சிக்கு வந்தது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் என்பிசி உரிமைக் கட்டணம் எதுவும் தரவில்லை, விளம்பரத்தில் வருவதைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் ஏற்பாடு. பெரிய லீக்கின் நிலையே அது என்றால், சின்ன லீக்குகளுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆக, வரவு என்பது டிக்கெட், உள்ளூர் விளம்பரம், கொஞ்சம் டிஷர்ட் விற்பனை. அரங்குக்குள் விற்கும் பியரிலும் வண்டி நிறுத்தக் கட்டணத்திலும் அணிக்கு எவ்வளவு என்பது அரங்கோடு போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. உள்ளூர் ஆட்டம் ஒரு சீசனில் ஏழெட்டுக்கு மேல் வராது. வருடம் முழுவதுக்குமான சம்பாத்தியத்தை அந்த ஏழெட்டு மாலைகளில் எடுத்தாக வேண்டும்.

செலவோ நிற்பதே இல்லை. அரங்க வாடகை, வெளியூர் பஸ், வீரர்களின் அறை வாடகை, நடுவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே தொழிலாளர் காப்பீடு. ஆட்கள் ஒருவரையொருவர் மோதிச் சாய்ப்பதே வேலையாக உள்ள தொழிலில், காயத்துக்கான காப்பீட்டுத் தவணை எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவு வெளியில் தெரியாது, ரசிகர் பேச்சிலும் வராது. அணிகளின் சாவில் இதன் பங்கு பெரிது.

இதில் லீக் எங்கே வருகிறது? நம்மூர் ஏலச்சீட்டை நினைத்துக்கொண்டால் சுலபம். லீக் என்பது உரிமையாளர்கள் சேர்ந்து போடும் ஒரு சீட்டு. ஒவ்வொருவரும் மாதாமாதம் பங்கைக் கட்ட வேண்டும், அந்தப் பணத்தில்தான் நடுவர், அலுவலகம், காப்பீடு எல்லாம். ஒருவர் கட்டாமல் நின்றால் அந்த ஓட்டையை மற்றவர்கள் அடைக்க வேண்டும். சீட்டில் பணம் மட்டும்தான் போகும். லீக்கில் ஆட்டமும் போகும். 7 அணி உள்ள லீக்கில் ஒன்று விழுந்தால், மற்ற 6 அணிகளும் அதனோடு ஆடவேண்டிய ஆட்டங்களை இழக்கின்றன. அதற்கு விற்ற டிக்கெட்டும் வாங்கிய விளம்பரமும் திருப்பிக் கேட்கப்படும். அங்கே இங்கே ஆள் பிடித்து, சொந்த ஊரே இல்லாத ஒரு அணியை உருவாக்கி அந்த இடத்தை நிரப்பும் வழக்கமும் உண்டு. பார்க்க வந்தவர்களுக்கு அரைகுறை ஆட்டம் கிடைக்கும், அடுத்த முறை வரமாட்டார்கள்.

ஆக ஓர் அணி நிற்பது உரிமையாளரின் பை, லீக்கின் உறுப்பினர் ஒப்பந்தம், அரங்கின் தேதி ஆகிய மூன்றின்மேல். இதில் வெற்றிக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நன்றாக ஆடினால் கூட்டம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மூன்றில் ஒன்று நழுவினால் எந்தக் கோப்பையும் தாங்கிப் பிடிக்காது. ஆல்பனியில் இது ஒரு தடவை அல்ல, பல தடவை நடந்தது.

ஒரே அரங்கம், பல அணிகள்

ஆல்பனி நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம். நியூயார்க் மாநகரத்தின் வெளிச்சத்தில் யாருக்கும் கண்ணில் படாத, சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். ஊரின் நடுவில் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான ஓர் அரங்கம் 1990 ஜனவரியில் ஃபிராங்க் சினாட்ராவின் கச்சேரியோடு திறக்கப்பட்டது. அன்று அதன் பெயர் நிக்கர்பாக்கர் அரீனா. பிறகு பெப்சி அரீனா, அப்புறம் டைம்ஸ் யூனியன் சென்டர், 2022 முதல் எம்விபி அரீனா. பெயர் வைக்கும் உரிமையை யார் வாங்கினார்களோ அவர்கள் பெயர்.

அரங்கம் திறந்த அதே 1990இல் ஆல்பனி ஃபயர்பேர்ட்ஸ் ஏஎஃப்எல்லில் ஆட வந்தது. ஊருக்கு அது செல்ல அணி. அதில் ஆடிய எட்டி பிரவுன் என்ற ரிசீவரை ‘டச் டவுன்’ எட்டி பிரவுன் என்றே அழைத்தார்கள். 2006இல் ஏஎஃப்எல் தன் வரலாற்றின் சிறந்த 20 வீரர்களைப் பட்டியலிட்டபோது முதலிடம் அவருக்குத்தான். 1999இல் ஃபயர்பேர்ட்ஸ், ஆர்லாண்டோ பிரெடேட்டர்ஸை 59–48 என்று வென்று, ஏஎஃப்எல்லின் இறுதிப் போட்டியான அரீனா பவுலின் கோப்பையை எடுத்தது. அடுத்த சீசன் முடிந்ததும் அணி இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டது. சாம்பியன் ஆன ஒரே வருடத்தில் ஊர் மாற்றம்! போன இடத்திலும் 2004க்கு மேல் தாங்கவில்லை.

2002இல் ஏஎஃப்எல்லின் இரண்டாம் நிலை லீக்கில் ஆல்பனி கான்க்வெஸ்ட் என்ற அணி வந்தது. 2009இல் பழைய ஞாபகத்தில் அதற்கு ஃபயர்பேர்ட்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாற்றிய ராசியோ என்னவோ, அந்த சீசனோடு லீக்கே போய்விட்டது. மேலே இருந்த ஏஎஃப்எல்லும் 2009 சீசனை ரத்து செய்துவிட்டுத் திவாலாகியிருந்தது. அதன் பெயரும் சொத்துகளும் ஏலத்தில் சுமார் 61 லட்சம் டாலருக்குப் போயின. வாங்கியவர்கள் அதே பெயரில் 2010இல் லீக்கை மீண்டும் தொடங்கினார்கள். மேலே சொன்ன 400 டாலர் அந்தக் காலத்தியது.

ஆல்பனி அரங்கில் ஆடிவந்த ஐஸ் ஹாக்கி அணி 2017இல் ஊரைவிட்டுப் போனது. 2018இல் வந்தது எம்பயர். உள்ளூர் முதலீட்டாளர்கள் சேர்ந்து எடுத்த அணி, அவர்களில் ஊரின் நாளிதழான டைம்ஸ் யூனியனின் வெளியீட்டாளரும் ஒருவர். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முதல் சீசனில் 12 ஆட்டத்தில் 8 வெற்றி, லீக்கில் முதலிடம். அரையிறுதியில் வாஷிங்டன் வேலரிடம் தோற்றது. அந்த வாஷிங்டன் அணியின் கணக்கு 2 வெற்றி, 10 தோல்வி! லீக்கில் இருந்ததே 4 அணிதான் என்பதால் கடைசி அணிக்கும் அரையிறுதி உண்டு. அது கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனது. ஏஎஃப்எல் அந்த நேரத்தில் எவ்வளவு மெலிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2019இல் எம்பயர் விட்டதைப் பிடித்தது. 12இல் 10 வெற்றி, ஆகஸ்ட் 11 அன்று சொந்த அரங்கிலேயே ஃபிலடெல்ஃபியா சோல் அணியை 45–27 என்று வீழ்த்தி அரீனா பவுல். அக்டோபர் முடிவதற்குள் ஏஎஃப்எல், 6 ஊர்களிலும் அணிகளின் செயல்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. நவம்பரில் சொத்துகளை விற்றுக் கடனை அடைத்துக் கடையை மூடும் வகைத் திவாலுக்கு மனுப் போட்டது. லீக்கின் கழுத்தில் இருந்த சுமைகளில் பழைய காப்பீட்டு நிறுவனம் தொடுத்த வழக்கும் ஒன்று. கோப்பை வென்று 4 மாதம் ஆவதற்குள் எம்பயருக்கு ஆட இடமில்லை. அணியில் குறையில்லை, ரசிகரில் குறையில்லை, அரங்கமும் இருந்தது. மூன்று கால்களில் லீக் என்ற கால் முறிந்தது.

2023: இந்தத் தடவை வேறு கால்

2021இல் எம்பயர் என்ற பெயர் தேசிய அரீனா லீக்கில் திரும்பியது. உரிமையாளர் வேறு, நிறுவனம் வேறு. ரசிகருக்கு அதே பெயர், அதே அரங்கம், அதே நாற்காலி. முதல் பத்தியில் சொன்ன இரண்டு கோப்பைகள் இந்தக் காலத்தியவை: 2021இல் கொலம்பஸை வென்றது, 2022இல் கரோலினா கோப்ராஸை 47–20 என்று வென்றது.

2023 மார்ச்சில் அன்டோனியோ பிரவுன் அணியில் பங்கு வாங்கினார். மேலே வந்த எட்டி பிரவுனின் மகன். என்எஃப்எல்லில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்காக 2010 முதல் 2018 வரை ஆடிய, அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ரிசீவர்களில் ஒருவர். 2013 தொடங்கித் தொடர்ந்து 6 சீசன் நூறு பிடிகளுக்கு மேல் பிடித்தவர். 2021 பிப்ரவரியில் டாம்பா பே அணியோடு சூப்பர் பவுல் வென்றார். சர்ச்சைகளுக்கும் குறைவில்லை. 2022 ஜனவரி 2 அன்று நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிரான ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, ரசிகர்களுக்குக் கையசைத்தபடி மைதானத்தைவிட்டு ஓடினார். என்எஃப்எல்லில் அவரது கடைசி ஆட்டம் அது.

அப்பா நட்சத்திரமாக இருந்த ஊரில் மகன் அணி வாங்குகிறார் என்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது. எட்டி பிரவுனுக்கும் அணி நிர்வாகத்தில் பதவி கொடுக்கப்பட்டது. உள்ளரங்கக் கால்பந்தின் பக்கம் எட்டியே பார்க்காத தேசிய ஊடகங்கள் ஆல்பனியைப் பற்றி எழுதின. சில வாரங்களில் கிட்டத்தட்ட முழு அணியும் பிரவுன் கைக்கு வந்தது.

அதன்பின் நடந்தது வேகமாகச் சரிந்தது. தலைமைப் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆடப்போனவர்கள் சம்பளம் சரியாக வரவில்லை என்று உள்ளூர்ச் செய்தியாளர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். தானே களத்தில் இறங்கி ஆடப்போவதாக பிரவுன் அறிவித்தார், இறங்கவில்லை. இரண்டு வருடச் சாம்பியன் அணி 7 ஆட்டத்தில் 6 தோற்றிருந்தது.

ஜூனில் மற்ற உரிமையாளர்கள் அவசரமாகத் தொலைபேசியில் கூடி எம்பயரின் உறுப்பினர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். லீக் வெளியிட்ட அறிக்கை சொன்னது இது: ஏப்ரல் மாதத் தவணையை பிரவுன் கட்டினார், பிறகு அந்தப் பணப் பரிமாற்றத்தையே ஆட்சேபித்ததால் பணம் திரும்பிப் போய்விட்டது. மே மாதத் தவணை வரவேயில்லை. லீக்கைப் பற்றிப் பொதுவெளியில் பேசியதற்காக விதித்த 1,000 டாலர் அபராதமும் கட்டப்படவில்லை.

அந்த ஆயிரம் டாலரைப் படித்தபோது சிரிப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. என்எஃப்எல்லில் காலுறை தவறாகப் போட்டால்கூட இதைவிடப் பெரிய அபராதம் விழும். ஆனால் இந்த லீக்கின் அளவு அதுதான். பெரிய நட்சத்திரம் வந்தால் பெரிய பணம் வரும் என்று எதிர்பார்த்து ஒரு சிறிய சீட்டில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். சீட்டுக்குத் தேவையாக இருந்ததோ மாதம் தவறாமல் கட்டுகிற ஒருவர். என் பார்வையில் பிரவுன் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ஒரே ஆளின் விருப்பத்தில் ஓர் ஊரின் அணி தொங்கும்படி அமைந்த ஏற்பாடு அவர் வருவதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது. அவர் வந்ததால் அது எல்லோர் கண்ணிலும் பட்டது.

மற்ற 6 அணிகள் சீசனை ஒப்பேற்றின, ஜாக்சன்வில் ஷார்க்ஸ் கோப்பை வென்றது. அடுத்த சீசனுக்கு முன்பே அந்தச் சாம்பியனும் இன்னும் சிலரும் வேறு லீக்குக்குத் தாவிவிட்டார்கள்.

அதன் பிறகு

2024இல் ஏஎஃப்எல் மூன்றாவது முறையாக உயிர் பெற்றது, 16 அணிகள் என்ற அறிவிப்போடு. ஆல்பனியும் அதில் சேர்ந்தது, பழைய ஃபயர்பேர்ட்ஸ் பெயரில், எம்பயரை பிரவுனுக்கு முன் நடத்திய உரிமையாளரோடு. ஏப்ரல் இறுதியில் ஆட்டங்கள் தொடங்கின. முதல் வாரத்திலேயே ரத்தான ஆட்டங்கள் இருந்தன, வருவதாகச் சொன்ன பணம் வரவில்லை, அணிகள் ஒவ்வொன்றாக மூடின. மே மாதம் லீக்கின் ஆணையரை நீக்கிவிட்டு, முன்னாள் என்எஃப்எல் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஏறக்குறைய பாதி அணிகளோடு சீசன் தள்ளாடி முடிந்தது. ஜூலை 19 அன்று நியூ ஜெர்சியில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் நடந்த இறுதிப் போட்டியில் ஆல்பனி, பில்லிங்ஸ் அவுட்லாஸிடம் 46–41 என்று தோற்றது.

தப்பிப் பிழைத்த அணிகள் சில, ஃபிஷரோடு சேர்ந்து அரீனா ஃபுட்பால் ஒன் என்ற புதிய லீக்கை அமைத்தன. புதிதாகப் பின்தொடர விரும்புபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். ஆட்டங்கள் வசந்தத்தில் ஆரம்பித்து ஜூலையில் முடியும். ஆனால் புள்ளிப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்க்கச் சொல்வேன். சீசன் தொடக்கத்தில் அறிவித்த அணிகளில் எத்தனை, கடைசி வாரத்திலும் ஆடின? அணிக்கு ஒரே உரிமையாளரா, பல பேரா? உள்ளூர் ஆட்டங்களுக்கு அரங்கம் தேதி கொடுத்துவிட்டதா, அல்லது ‘இடம் பின்னர் அறிவிக்கப்படும்’ என்றே இருக்கிறதா? இதில் கடைசியாகச் சொன்னது இருந்தால் டிக்கெட்டை முன்கூட்டி வாங்க வேண்டாம்.

இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் புதிய லீக்கின் முதல் சீசனும் பழைய வியாதியிலிருந்து முழுதாகத் தப்பவில்லை, நடுவழியில் தடுமாறிய அணிகள் அங்கேயும் இருந்தன. 2025இல் அதன் முதல் கோப்பையை, நாஷ்வில் கேட்ஸை வென்று எடுத்தது ஆல்பனி ஃபயர்பேர்ட்ஸ்.